கைப்பிசகாய்க் கொன்றவன் எங்கே ஓடுவான்?

இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்குகிறான். இரும்பு காம்பைவிட்டுக் கழன்று பறந்து, பக்கத்தில் நின்றவன்மேல் பட்டுவிடுகிறது. அவன் செத்துப்போகிறான். நேற்றுவரை இருவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. கைப்பிசகாய் நடந்த கொலைக்கு பைபிளின் உபாகமம் 19ஆம் அதிகாரம் தரும் உதாரணம் இதுதான்.

பைபிளின் சட்டப் பகுதி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்ற வரிதான். உயிருக்கு உயிர் என்று கறாராகப் பேசும் அதே சட்டம், கோடரி கழன்று ஒருவனைக் கொன்றவனை என்ன செய்வது என்று மறுபடி மறுபடி யோசித்திருக்கிறது. யாத்திராகமம் 21, எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20 என நான்கு இடங்களில் இந்தக் கேள்வி விரிவாகவோ சுருக்கமாகவோ வருகிறது. கிடைத்த பதிலுக்கு இரண்டு பாதிகள். அவன் கொலைகாரன் இல்லை, அவனைக் கொல்லக் கூடாது. ஆனால் அவன் தன் வீட்டுக்குப் போய்ப் பழையபடி வாழவும் முடியாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்ததுதான் அந்தச் சட்டத்தின் பெருமை என்று நினைக்கிறேன்.

அன்றைய சமூகத்தில் போலீஸ் கிடையாது, அரசு வழக்கறிஞர் கிடையாது. ஒருவன் கொல்லப்பட்டால் கணக்குத் தீர்க்க வேண்டியவன் அவனுடைய நெருங்கிய உறவினன். தமிழ் வேதாகமம் அவனைப் 'பழிவாங்குகிறவன்' என்கிறது. அவனை ஒரு ரவுடியாகக் கற்பனை செய்துவிடக் கூடாது. வறுமையில் ஒருவன் விற்ற நிலத்தை மீட்டுத் தருவதும், கடனுக்கு அடிமைப்பட்டவனை விலை கொடுத்து மீட்பதும் நெருங்கிய உறவினனின் கடமைகள் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. சிந்திய இரத்தத்துக்கு நியாயம் தேடுவதும் அந்தக் கடமைகளின் வரிசையில்தான் வருகிறது. தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் சும்மா இருந்தால் ஊர் அவனைத்தான் இழிவாகப் பார்க்கும்.

இந்த வழக்கத்தை ஒழிக்க மோசேயின் சட்டம் முயலவில்லை. அதன் கையைப் பிடித்து நிறுத்த முயன்றது. உபாகமம் கவலைப்படுவது தூரத்தைப் பற்றி. உறவினன் மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது துரத்துவான், வழி நீளமாக இருந்தால் ஓடுகிறவனை எட்டிப்பிடித்துவிடுவான், சாகத் தகாத ஒருவன் செத்துப்போவான். அதனால் நாட்டை மூன்றாகப் பிரி, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் அடைக்கலப் பட்டணத்தை வை, அதற்கு வழியைச் சீர்ப்படுத்து என்கிறது. கோபம் தணியும்வரை, விசாரணை நடக்கும்வரை, ஓர் உயிரைக் காப்பாற்றி வைக்கச் சாலை வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சரி, கைப்பிசகா, திட்டமிட்ட கொலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெஞ்சுக்குள் இருப்பதை யார் பார்க்க முடியும்? எண்ணாகமம் 35 இந்த இடத்தில் வெளியே தெரிகிற தடயங்களைத் தேடுகிறது. முதலில் கையில் என்ன இருந்தது என்று பார்க்கிறது. இரும்பு ஆயுதத்தால் அடித்திருந்தால் அவன் கொலைகாரன். ஆளைக் கொல்லக்கூடிய கல்லைக் கையில் எடுத்து எறிந்திருந்தாலும், கொல்லக்கூடிய மரத்தடியால் அடித்திருந்தாலும் அப்படியே. கல்லுக்கும் மரத்தடிக்கும் 'கொல்லத்தக்க' என்ற நிபந்தனை இருக்கிறது, இரும்புக்கு அது இல்லை. ஒரு சிறு இரும்பு முனைகூட ஆளைக் கொல்லும், அதனால்தான் அளவு சொல்லவில்லை என்று பிற்கால ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், விளக்கினார்கள்.

அடுத்தது உறவு. பகையினால் ஒருவனைத் தள்ளிவிட்டிருந்தால், பதுங்கியிருந்து எதையாவது எறிந்திருந்தால், பகையோடு கையால் அடித்திருந்தால் மரணத் தண்டனை. அதே தள்ளல் பகை இல்லாமல் திடீரென்று நடந்திருந்தால்? அதே கல், அங்கே ஆள் நிற்பதைப் பார்க்காமல் விழச் செய்ததாக இருந்தால்? செத்தவனுக்கு அவன் எதிரியும் இல்லை, தீங்கு நினைத்தவனும் இல்லை என்றால்? அப்போது அவன் பாதுகாக்கப்பட வேண்டியவன். கவனித்துப் பாருங்கள்: தள்ளுவதும் எறிவதும் இரண்டு பட்டியலிலும் வருகின்றன. செயல் ஒன்றுதான். ஆயுதம், முன்பகை, பதுங்கியிருந்தது, பார்த்தானா இல்லையா ஆகியவைதான் தீர்ப்பை மாற்றுகின்றன. இன்றைய குற்றவியல் நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்வது ஏறக்குறைய இந்தக் கேள்விகள்மேல்தான்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரே சாட்சியின் பேச்சை வைத்து யாரையும் கொல்லக் கூடாது. உபாகமம் இதை இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் என்று தெளிவாக்குகிறது. பொய்ச்சாட்சி சொன்னவன் பிடிபட்டால், அடுத்தவனுக்கு வரவைக்க நினைத்த தண்டனை அவனுக்கே வரும்.

ஓடி வந்தவன் பட்டணத்துக்குள் நுழைந்ததும் பத்திரமாகிவிடுகிறான் என்று நினைக்க வேண்டாம். யோசுவா 20ன்படி அவன் முதலில் பட்டணத்து வாசலில் நின்று, அந்த ஊர் மூப்பர்களின் காதுபட நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டு தங்க இடம் கொடுப்பார்கள். பிறகு சபைக்கு முன்பாக விசாரணை. கொல்ல நினைத்தே கொன்றவன் ஓடி வந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு உபாகமம் பதில் வைத்திருக்கிறது: அவனுடைய சொந்த ஊர் மூப்பர்கள் ஆளனுப்பி அவனைப் பிடித்து, பழிவாங்குகிறவன் கையில் ஒப்படைக்க வேண்டும். எண்ணாகமம் சபையைச் சொல்கிறது, உபாகமம் ஊர் மூப்பர்களைச் சொல்கிறது, யோசுவா இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. வெவ்வேறு காலத்துச் சட்ட மரபுகள் ஒரே நூல் தொகுப்பில் அடுக்கப்பட்டிருப்பதன் அடையாளமாக அறிஞர்கள் இதைப் பார்க்கிறார்கள். எந்த அடுக்கை எடுத்தாலும் ஒன்று மாறவில்லை. கொலையா விபத்தா என்று முடிவு செய்யும் உரிமை செத்தவனின் குடும்பத்திடமிருந்து பிடுங்கப்பட்டு, பொதுவான ஓர் அவையிடம் கொடுக்கப்பட்டது.

பட்டணங்கள் மொத்தம் ஆறு. யோர்தானுக்கு மேற்கே கலிலேயாவில் கேதேஸ், எப்பிராயீம் மலைநாட்டில் சீகேம், யூதாவில் எப்ரோன். கிழக்கே பேசேர், கீலேயாத்தில் ராமோத், பாசானில் கோலான். வடக்கு, நடு, தெற்கு என்று பிரித்து வைத்திருப்பது வரைபடத்தில் பார்த்தால் தெரியும். எப்ரோன் இன்றும் மேற்குக் கரையில் பெரிய நகரம். சீகேமின் இடிபாடுகள் இன்றைய நாப்லஸ் ஓரத்தில் இருக்கின்றன. செய்திகளில் அடிபடும் கோலான் குன்றுகளுக்குப் பெயர் வந்தது அந்தக் கடைசிப் பட்டணத்திலிருந்து. ஆறும் வழிபாட்டுப் பணிக்கான கோத்திரமான லேவியருக்கென்று ஒதுக்கப்பட்ட 48 ஊர்களைச் சேர்ந்தவை. லேவியருக்குத் தனியாகக் கோத்திர நிலம் கிடையாது, அதனால் எந்தக் கோத்திரத்தின் பகையிலும் நேரடியாகச் சிக்காத ஊர்கள் இவை. இஸ்ரவேலருக்கு மட்டுமல்லாமல், அவர்கள் நடுவே தங்கியிருந்த அந்நியருக்கும் பரதேசிகளுக்கும் இந்த ஊர்கள் அடைக்கலம் என்று எண்ணாகமம் தெளிவாகச் சொல்கிறது. பழங்காலச் சட்டம் ஒன்றில் இது சின்ன விஷயமில்லை.

அப்புறம்தான் கடினமான பகுதி வருகிறது. விசாரணையில் கைப்பிசகு என்று நிரூபணமானவனைச் சபை திரும்ப அடைக்கலப் பட்டணத்துக்கே அனுப்புகிறது. பிரதான ஆசாரியன் சாகும்வரை அவன் அங்கேயே இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டி வெளியே வந்து, பழிவாங்குகிறவன் கண்ணில் பட்டு, அவன் கொன்றுவிட்டால் அந்த இரத்தத்துக்குக் கேள்வி இல்லை.

ஏன் பிரதான ஆசாரியனின் மரணம்? வந்து சேர்ந்த மறுவாரமே அவர் இறந்தால் இவன் ஊருக்குக் கிளம்பிவிடலாம். அவர் நாற்பது வருஷம் வாழ்ந்தால் இவனுடைய வாழ்நாளே அங்கே கரைந்துபோகும். குற்றத்தின் அளவுக்கும் இந்தக் காலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் இதை நாம் அறிந்த சிறைத்தண்டனைபோல் படிக்க முடியாது. சிந்திய இரத்தத்துக்கு ஒரு மரணம் பதில் சொல்லியாக வேண்டும், கொன்றவன் சாகக் கூடாது, ஆகவே மக்கள் எல்லோருக்காகவும் நிற்கும் ஆசாரியனின் இயற்கை மரணம் அந்த இடத்தை நிரப்புகிறது என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூது ஒரு விளக்கம் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடஸ் மனித மனத்தைப் பார்த்தார். எல்லோரும் நேசிக்கும் பெரிய மனிதர் ஒருவர் இறக்கும்போது, அந்தப் பொதுத் துக்கத்தில் பழிவாங்கத் துடிப்பவனின் சொந்தத் துக்கமும் அடங்கிவிடும் என்றார். எனக்கு இரண்டுமே ஏற்புடையதாக இருக்கிறது. முதலாவது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கைக்கு நெருக்கமானது, இரண்டாவது ஊரில் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு நெருக்கமானது.

இந்தச் சட்டத்தில் என்னை அதிகம் உலுக்கும் வரிகள் எண்ணாகமம் 35ன் கடைசியில் இருக்கின்றன. கொலைகாரனின் உயிருக்காக மீட்புப்பணம் வாங்கக் கூடாது. அடைக்கலப் பட்டணத்தில் இருப்பவன் முன்கூட்டியே வீடு திரும்பவும் பணம் வாங்கக் கூடாது. இரண்டு தடைகளும் சேர்ந்தே வருகின்றன.

இது எவ்வளவு பெரிய விலகல் என்று தெரிய, அக்கம்பக்கத்துச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். பாபிலோனில் ஹம்முராபி கிமு 18ஆம் நூற்றாண்டில் கல்லில் பொறித்த சட்டமும் நோக்கத்தைக் கவனிக்கிறது. சண்டையில் அடித்தவன், தெரிந்தே அடிக்கவில்லை என்று சத்தியம் செய்து வைத்தியச் செலவைக் கொடுத்தால் போதும். அடிபட்டவன் செத்தால் அதே சத்தியத்தோடு, செத்தவன் மேல்குடி என்றால் அரை மினா (ஓர் எடை அளவு) வெள்ளி, சாதாரணக் குடி என்றால் மூன்றில் ஒரு பங்கு மினா. ஆனடோலியாவில் இருந்த ஹிட்டைட்டுகளின் சட்டத்தில், கை தவறி அடித்ததால் ஒருவன் செத்தால் அவனை அடக்கம் செய்து, ஈடாக இரண்டு ஆட்களைக் கொடுக்க வேண்டும். ஆக, தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இஸ்ரவேலர் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பகுதி முழுக்க அது தெரிந்திருந்தது. இஸ்ரவேலின் சட்டம் செய்தது, சுதந்திர மனிதனைக் கொன்றவனின் கணக்கிலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டதுதான். பணக்காரன் திட்டமிட்டுக் கொன்றுவிட்டுக் காசை வீசித் தப்ப முடியாது. அதேபோல் வசதியானவன் நாலு மாதத்தில் பட்டணத்தைவிட்டு வெளியேற, ஏழை விறகுவெட்டி மட்டும் ஆயுள் முழுக்க அங்கே கிடக்கும் நிலையும் வராது.

காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: இரத்தம் தேசத்தைத் தீட்டுப்படுத்தும். இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு உபாகமம் 21 சாட்சி. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. விசாரிக்க ஆள் இல்லை, நோக்கம் பற்றிய கேள்வியே எழவில்லை. அப்போதும் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளந்து, மிக அருகில் இருக்கும் ஊர் மூப்பர்கள் ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்று சொல்லிக் கை கழுவ வேண்டும். கோடரி கழன்றவன் ஏன் வீட்டுக்குப் போக முடியவில்லை என்பது இதோடு சேர்த்துப் படித்தால்தான் புரிகிறது. அவன் மனம் சுத்தம், ஆனால் ஓர் உயிர் போயிருக்கிறது. அந்த இழப்பை எதுவும் நடக்காததுபோல் கடந்துபோக ஊருக்கு அனுமதி இல்லை.

கொலைக்கும் விபத்துக்கும் நடுவில் விழும் அலட்சியத்தையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. மாடு முட்டி ஒருவன் செத்தால் மாட்டைக் கல்லெறிந்து கொல்வார்கள், உரிமையாளன் தப்பிப்பான். அந்த மாடு முட்டும் மாடு என்று முன்பே எச்சரித்தும் கட்டி வைக்காமல் விட்டிருந்தால் உரிமையாளனும் சாக வேண்டும், அல்லது விதிக்கப்பட்ட மீட்புப்பணத்தைக் கொடுக்க வேண்டும். இங்கே பணம் வாங்கலாம் என்பதைக் கவனியுங்கள். கொன்றது அவன் கை இல்லையே. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, இல்லாவிட்டால் விழுந்து சாகிறவனின் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22. இரவில் கன்னம் வைத்து நுழையும் திருடனை அடித்துக் கொன்றால் பழி இல்லை, சூரியன் உதித்த பிறகு கொன்றால் பழி உண்டு என்கிறது யாத்திராகமம் 22. அடிமை விஷயத்தில் இந்தச் சட்டம் சறுக்குகிறது. எஜமான் கோலால் அடித்த அடிமை அங்கேயே செத்தால் தண்டனை உண்டு, ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்து செத்தால் இல்லை, அவன் எஜமானின் பணம் என்கிறது யாத்திராகமம் 21. உயிரை வெள்ளியால் அளக்கக் கூடாது என்ற கொள்கை அந்த மனிதனின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

ஏட்டில் இருந்த இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததா? யாராவது ஒருவன் கைப்பிசகாய்க் கொன்றுவிட்டு இந்த ஆறு ஊர்களில் ஒன்றுக்கு ஓடினான் என்று பைபிளில் ஒரு கதைகூட இல்லை. ஆனால் சட்டத்தின் இரு முனைகளையும் தொட்டுச் செல்லும் ஒரு கதை உண்டு, தாவீதின் படைத்தலைவன் யோவாபின் கதை.

இஸ்ரவேலின் முதல் அரசன் சவுல் இறந்த பிறகு உள்நாட்டுப் போர். கிபியோனில் தோற்று ஓடும் எதிர்ப்படைத் தலைவன் அப்னேரை, யோவாபின் தம்பி ஆசகேல் தனியாகத் துரத்துகிறான். மான்போல் ஓடக்கூடியவன் அவன். அப்னேர் இருமுறை கெஞ்சுகிறான்: விலகிப் போ, நான் உன்னை வெட்டினால் உன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று. ஆசகேல் கேட்கவில்லை. அப்னேர் ஈட்டியின் பின்முனையால் குத்த, அவன் சாகிறான். இது போரில் நடந்த தற்காப்பு. பிறகு அப்னேர் தாவீதோடு சமாதானம் பேசிவிட்டுப் போகும்போது, யோவாப் அவனைத் திருப்பி அழைத்து, இரகசியம் பேசுவதுபோல் வாசலுக்குள் ஒதுக்கிக் கூட்டிப்போய் வயிற்றில் குத்திக் கொல்கிறான். எந்த ஊர் வாசல்? எப்ரோன். யோசுவாவின் பட்டியலில் உள்ள அடைக்கலப் பட்டணம். ஓடி வந்தவனை மூப்பர்கள் உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய அதே இடத்தில், பழிவாங்குகிறவன் விசாரணை இல்லாமல் தீர்ப்பை நிறைவேற்றிவிட்டான்.

பல வருஷம் கழித்து சாலொமோன் அரசனானதும் யோவாப் ஓடிப்போய்ப் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொள்கிறான். துணிகரமாகத் தந்திரத்தோடு கொன்றவனை என் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போய்க் கொல் என்று யாத்திராகமம் 21:14 சொல்வது நினைவுக்கு வராமல் இருக்காது. வெளியே வர மறுத்த அவனை, சாலொமோனின் கட்டளைப்படி பெனாயா கொல்கிறான். அதில் அரசியல் கணக்கும் உண்டுதான், யோவாப் அரியணைப் போட்டியில் சாலொமோனின் அண்ணன் அதோனியாவின் பக்கம் சாய்ந்தவன். ஆனாலும் சாலொமோன் வெளிப்படையாகச் சொல்லும் காரணம் அப்னேர், யோவாப் கொன்ற இன்னொரு படைத்தலைவன் அமாசா ஆகிய இருவரின் இரத்தம். தல்மூது இந்த வழக்கை மறுபடி நடத்திப் பார்க்கிறது. தம்பிக்காகப் பழிவாங்கினேன் என்கிறான் யோவாப். ஆசகேல் உயிரெடுக்கத் துரத்தியவன் ஆயிற்றே என்கிறார் சாலொமோன். அப்படியானால் அப்னேர் ஓர் உறுப்பில் மட்டும் காயப்படுத்தித் தப்பியிருக்கலாமே என்று திருப்பிக் கேட்கிறான் யோவாப். தற்காப்பில் எவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்ற கேள்வி அங்கேயே முளைத்துவிட்டது.

பலிபீடத்தைப் பிடித்து அடைக்கலம் தேடுவதே பழைய வழக்கம், கிமு 7ஆம் நூற்றாண்டில் யோசியா அரசன் ஊர்க் கோயில்களை மூடி வழிபாட்டை எருசலேமில் குவித்தபோது அதற்கு மாற்றாகப் பட்டணங்கள் தேவைப்பட்டன என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. கோயில் தூரமாகிவிட்டால் ஓடுகிறவனுக்கு வேறு இடம் வேண்டுமல்லவா? உபாகமத்துக்குத் தூரத்தின்மேல் இருக்கும் கவலையோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

கோயில் இடிந்து, பிரதான ஆசாரியனும் இல்லாமல்போன பிறகும் யூத ரபிகள் இந்தச் சட்டத்தை விடவில்லை. கிபி 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்ட நூலான மிஷ்னாவில் மக்கோத் என்ற பகுதி, அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. மாடியில் உருளை உருட்டுபவன், கயிற்றில் ஜாடி இறக்குபவன், ஏணியில் இறங்குபவன் ஆகியோர் கீழ்நோக்கிய அசைவில் யார்மேலாவது விழுந்தோ எதையாவது போட்டோ கொன்றால் அடைக்கலப் பட்டணம் போக வேண்டும். ஜாடியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தாலோ, ஏணியில் ஏறும்போது விழுந்தாலோ போக வேண்டியதில்லை. கோடரி விஷயத்திலும் சண்டை: காம்பைவிட்டு இரும்பு கழன்றால்தான் அடைக்கலப் பட்டணத்துக்கு வெளியேற்றம் என்கிறார்கள் பெரும்பான்மை அறிஞர்கள், வெட்டுப்படும் மரத்திலிருந்து சிராய் பறந்தால்தான் என்கிறார் ரபி யூதா ஹநாசி. மைமோனிடஸ் பிற்பாடு இவற்றை மூன்று தட்டுகளாகப் பிரித்தார். யாராலும் தவிர்த்திருக்க முடியாத விபத்துக்கு வெளியேற்றம் தேவையில்லை. சாதாரணக் கவனக்குறைவுக்கு அடைக்கலப் பட்டணம். வேண்டுமென்றே செய்ததை ஒட்டி நிற்கும் அலட்சியத்துக்கு அடைக்கலமே கிடையாது.

ஆசாரியரின் தாய்மார்கள் அடைக்கலப் பட்டணத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்தனுப்புவார்களாம், தங்கள் மகன் சீக்கிரம் சாகட்டும் என்று அவர்கள் வேண்டிக்கொள்ளாமல் இருக்க. இதுவும் மக்கோத்தில்தான் இருக்கிறது. வழிக் கிளைகளில் 'அடைக்கலம்' என்று எழுதிய பலகை இருந்ததாகத் தல்மூது சொல்கிறது. மாணவன் அங்கே போக நேர்ந்தால் ஆசிரியரும் அவனோடு போக வேண்டும், படிப்பில்லாமல் அவன் வாழ்வு வாழ்வாகாது என்று ஒரு விதி. பட்டணத்து ஜனங்கள் அவனுக்கு மரியாதை செய்ய வந்தால், நான் கொன்றவன் என்று அவன் சொல்ல வேண்டும். இருந்தாலும் பரவாயில்லை என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். பிரதான ஆசாரியன் இறந்து அவன் ஊர் திரும்பியதும் முன்பு வகித்த பதவி அவனுக்குக் கிடைக்குமா? கிடைக்கும் என்கிறார் ரபி மேயிர். கிடைக்காது என்கிறார் ரபி யெகூதா. மிஷ்னா இருவரின் பேச்சையும் பதிவு செய்துவிட்டு அதோடு அத்தியாயத்தை முடித்துக்கொள்கிறது.